முடியாது என்று சொல்லத் தெரியாதவள்

சென்னியப்பன் ஊருக்குத் திரும்பி வந்த புதன்கிழமையன்றுதான் அவனுடைய சாம்பலும் வந்து சேர்ந்தது. அவன் ஒன்பது மணி டவுன் பஸ்ஸில் வந்தான். சாம்பல் பதினொன்றரை மணிக்கு, மாரப்பனின் மோட்டார் சைக்கிளில், மஞ்சள் துணி சுற்றிய பிஸ்கட் டப்பாவில் வந்தது. இடைப்பட்ட இரண்டரை மணி நேரத்தில் அவன் குளித்து, அம்மா கரைத்துக் கொடுத்த கம்மஞ்சோற்றைக் குடித்துவிட்டு, வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். மாரப்பன் அவனோடு ஒரே போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவன். மூன்று வருசத்துக்கு முன்னால் சத்தீஸ்கர் காட்டுக்குள் வண்டி மழைச் சேற்றில் மாட்டி நின்றபோது காய்ச்சலில் செத்துப்போன சென்னியப்பனுக்குத் தன் கையாலேயே கொள்ளி வைத்தவன். போலீசுக்குப் பயந்த முதலாளி வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் சாம்பலை வண்டிக்குள்ளேயே ஒளித்துவைத்து ஊர் ஊராகச் சுற்றியவன். மனசு உறுத்தித் தாங்காமல் அதைக் கொடுத்துவிட்டுப் போக வந்த அவன், கட்டிலில் இருந்தவனைப் பார்த்து, எப்போது வந்தீர்கள் அண்ணா என்று கேட்டான். ஒன்பது மணி வண்டிக்கு என்றான் சென்னியப்பன். மாரப்பன் டப்பாவை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

கரட்டுப்புதூரில் யாரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. பத்து நாளைக்கு முன்னாலேயே ஓடைக்கரைக் கோயில் ஆத்தாள் ஓடைக்காளி இதைச் சொல்லிவிட்டிருந்தாள், இனி நடப்பதைப் பார்க்க வேண்டியதுதான் என்று ஊர் இருந்தது. இதை நம்பாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றவள் ஒருத்திதான், அவள் சென்னியப்பனின் பெண்டாட்டி மயிலாத்தா.

மயிலாத்தாவுக்குச் சந்தேகப்படுவதுதான் பிழைப்பு. தறிப்பட்டறையிலிருந்து வரும் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது என்று பார்த்துச் சாக்கட்டியால் சுழித்து ஒதுக்குவது அவள் வேலை. பதினாறு வருசம் அதையே செய்து செய்து அவள் கண் அப்படியே பழகிவிட்டது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்ப்பாள், பால்காரர் பால் கெட்டியாக ஊற்றினால் நேற்று என்ன செய்தார் என்று கேட்பாள். சென்னியப்பனிடமிருந்து போன் நின்றுபோன பிறகு அந்தப் பார்வையை ஊர் அவள் பக்கமே திருப்பிவிட்டது. பொட்டு வைத்தால் யாருக்காக வைக்கிறாள் என்றார்கள், வைக்காவிட்டால் புருசன் சாக வேண்டுமென்று இருக்கிறாளா என்றார்கள். மூன்று வருசம். பிள்ளை குட்டியும் இல்லை, வீட்டில் அவளும் மாமியார் நல்லாயியும் மட்டும்தான். மயிலாத்தாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் அவளால் அழவும் முடியவில்லை, அழாமல் இருக்கவும் முடியவில்லை.

அதனால்தான் அவள் பூக் கேட்கப் போனாள். கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் ஓடைக்காளியிடம் பூக் கேட்பது அந்த ஊர் வழக்கம். வெள்ளரளி ஒன்றையும் செவ்வரளி ஒன்றையும் வாழையிலைத் துணுக்கில் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி ஆத்தாளின் காலடியில் போடுவார்கள். குழந்தைவேல் பண்டாரம் மணியடித்து, "உன்னால முடியாதது ஒண்ணுமில்லை தாயே" என்று மூன்று தடவை சொல்லுவார். வந்தவர்கள் கேள்வியை வாய்விட்டுச் சொல்லி, ஆசையை மட்டும் மனசுக்குள் வைத்துக்கொண்டு, ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆம், சிவப்பு வந்தால் இல்லை. மனசுக்குள் வைத்த ஆசையை உடன் வந்தவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் வாக்கு கலைந்துவிடும் என்பது பழைய கட்டுப்பாடு.

மயிலாத்தா பண்டாரத்தை நம்பவில்லை. பூவைத் தானே பறித்தாள், இலையைத் தானே கிழித்தாள், பொட்டலத்தைத் தானே கட்டி நூலில் ஏழு முடிச்சுப் போட்டாள். பண்டாரத்தின் கை படாமல் முந்தானையில் மூடிக் கொண்டுபோய்ப் போட்டாள். நல்லாயி பக்கத்தில் கண்ணை மூடி நின்றாள். சென்னியப்பன் உயிரோடு இருக்கிறாரா என்று மயிலாத்தா கேட்டுவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துத் தானே பிரித்தாள். உள்ளே ஒரே ஒரு பூ இருந்தது. அது வெள்ளையாக இருந்தது, அது சிவப்பாகவும் இருந்தது. பாதி பாதியாக இல்லை, கலந்து இளஞ்சிவப்பாகவும் இல்லை. முழுசும் வெள்ளை, முழுசும் சிவப்பு. பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் பார்த்தார்கள், ஒருத்தருக்கு ஒன்று இன்னொருத்தருக்கு வேறொன்று என்றில்லை. மற்றப் பொட்டலத்தைப் பிரித்தால் வெறும் இலைதான் இருந்தது. பண்டாரம் கற்பூரத்தைக் காட்டி, இருக்கிறார், இல்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் வாக்காகச் சொன்னார்.

ஆகவே புதன்கிழமை இரண்டும் வந்ததும் ஊர் ஆக வேண்டியதைப் பார்த்தது. கருமாதிக்கு நாள் குறித்தார்கள். தன் சாம்பலைத் தானே துண்டில் கட்டிக்கொண்டு போய்க் காவிரியில் கரைத்துவிட்டு, முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு வந்து சென்னியப்பன் தன் கருமாதிச் சோற்றில் முதல் பந்தியில் உட்கார்ந்தான். தாலி விஷயத்தில் பெண்கள் ஒரு பொழுது முழுக்கப் பேசி, காலையில் கழற்றிவிடுவது, சாயங்காலம் அவனையே மறுபடி கட்டச் சொல்வது என்று முடிவு செய்தார்கள். வி.ஏ.ஓ. மாரப்பனை விசாரித்து இறப்புச் சான்றுக்கு எழுதினார், இரண்டாவது சாட்சி வேண்டும் என்றபோது பக்கத்தில் நின்ற சென்னியப்பனே கையெழுத்துப் போட்டான். ரேஷன் கார்டில் அவன் பேரை எடுத்தார்கள், எடுத்த இடத்தில் அவன் பேர் இருந்தது. கல்யாணம், சீர் நடக்கும் வீடுகளில் மயிலாத்தாவை ஆரத்தித் தட்டுப் பிடிக்கக் கூப்பிட்டார்கள், அவள் தட்டோடு முன்னால் வந்ததும் கொஞ்சம் பின்னால் நில்லம்மா என்றார்கள், அவளும் முன்னாலும் பின்னாலுமாக நின்று பழகிக்கொண்டாள்.

அவள் பழகாதது வீட்டுக்குள்தான். துணியைப் பார்ப்பதுபோல அவனை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள். இடது முழங்காலில் சைக்கிளில் விழுந்த தழும்பு இருந்தது. கல்யாணமான முதல் வாரம் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சண்டையைக் கேட்டாள், அவள் மறந்துபோன பாதியையும் சேர்த்துச் சொன்னான். வெயிலில் நிழல் விழுந்தது, வேர்த்தது, குழம்பில் உப்புக் குறைந்தால் முகம் கோணியது. ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மாரப்பனைத் தனியே மடக்கி, அது வேறு யாராவதாக இருக்குமோ என்று துருவிக் கேட்டபோது அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது, அண்ணன் மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கா, வாயில் நான்தானே தண்ணீர் விட்டேன் என்றான். அதுவும் பொய்யில்லை. அவன் வீட்டில் இருந்தான், வீடு காலியாகவும் இருந்தது. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் செத்த துக்கம் அவளுக்கு வந்தது, அழ ஆரம்பித்தால் ஏன் புள்ள அழுகிறே என்று அவனே வந்து முகத்தைத் துடைத்தான்.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள், நீங்கள் செத்துப்போனது நிஜமா என்று. ஆமாம், மூன்று வருசம் ஆச்சு என்றான். அப்படியானால் இங்கே உட்கார்ந்திருப்பது யார் என்றாள். நான்தான் என்றான். இரண்டையும் அவன் ஒரே குரலில், மழை பெய்ததா என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான்.

இதற்குள் ஊருக்குள் வேறொரு வியாதி பரவியிருந்தது. ஆத்தாளே இரண்டையும் சொல்லும்போது மனுசன் சொன்னால் என்ன என்று ஆகிவிட்டது. பாலில் தண்ணீர் கலந்தாயா என்றால் பால்காரர், கலந்ததுதான், கலக்காததுதான் என்றார். டவுன் பஸ் வரவில்லை என்று புகார் போனதற்கு, வந்தது என்றும் வரவில்லை என்றும் இரண்டு பதிலை ஒரே தாளில் அனுப்பினார்கள். வரப்பை இடித்தவன் இடிக்கவும் இல்லை என்று பஞ்சாயத்தில் சத்தியம் செய்தான், பஞ்சாயத்து அவனைக் கண்டித்தும் பாராட்டியும் அனுப்பியது. வெளியூரிலிருந்து கார்கள் வந்து ஓடைக்கரையில் வரிசையாக நின்றன. ஜெயிக்கவும் வேண்டும் எதிரி தோற்றதாக மனசு நோகவும் கூடாது என்பவர்கள், சொத்தைப் பிரிக்கவும் வேண்டும் பிரிக்காமலும் இருக்க வேண்டும் என்பவர்கள், எல்லாரும் இரண்டு நிறப் பூவை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்கள். ஊர்க்காரர்கள் மட்டும் ஒருத்தர் சொல்வதை ஒருத்தர் நம்ப முடியாமல், ஆமாம் என்று கேட்டாலும் இல்லை என்று கேட்டாலும் அடுத்தது என்ன வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தார்கள். முதல்முறையாக மொத்த ஊரும் மயிலாத்தா மாதிரி ஆகிவிட்டது, அவளுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப் பூசை முடிந்ததும் அவள் பண்டாரத்திடம் போய், மறுபடியும் பூக் கேட்க வேண்டும் என்றாள். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது ஆத்தாளைச் சந்தேகப்படுவதாகும் என்றார் பண்டாரம். ஊருக்கு இப்படி ஒரு பேர் வந்திருக்கும்போது நீயே வந்து குலைக்கலாமா என்று சுற்றி நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். இல்லாத புருசனையும் கொடுத்து, செத்த புருசனுக்குச் சாம்பலையும் கொடுத்த தெய்வத்திடம் இன்னும் என்ன குறை கண்டாய், அவளால் முடியாதது என்ன இருக்கிறது என்று பண்டாரம் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க. முடியாதுன்னு சொல்ல அவளால முடியுமுங்களா?"

 முப்பது வருசமாகப் பண்டாரம் மூன்று தடவை மூன்று தடவையாகச் சொல்லிவந்த புகழுக்குள் இப்படி ஓர் ஓட்டை இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. முடியும் என்றால் ஆத்தாளால் முடியாதது ஒன்று உண்டாகிவிடுகிறது, முடியாது என்றால் அது ஏற்கனவே இருக்கிறது. அவர் மணியைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டார். மயிலாத்தா விடவில்லை. இரண்டையும் தருகிறவள் எதையும் தரவில்லை என்றுதான் அர்த்தம், ஒன்றைக் கொடுத்து ஒன்றை மறுத்தால்தானே கொடுத்ததாக ஆகும், இவள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறாள், இவளை விட, முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற எங்கள் பட்டறை மேஸ்திரி தேவலை என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பண்டாரம் மெதுவாக, ஆத்தாள் தானாக எதையும் கொடுக்கிறதில்லை அம்மிணி, கேட்டதைத்தான் கொடுப்பாள், அன்றைக்கு இரண்டு கேட்டிருப்பார்கள், வீட்டில் போய் விசாரி என்றார்.

 பூக் கேட்ட அன்று மயிலாத்தா மனசுக்குள் வைத்தது சிவப்பு. போதும், இல்லையென்றே ஆகட்டும், தெரிந்தால் அழுது முடித்துவிடுவேன் என்றுதான் பொட்டலத்தை எடுத்தாள். அந்தப் பாவத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அப்படியானால் வெள்ளையைக் கேட்டது அத்தைதான். பெற்றவள், கேட்கத்தானே செய்வாள். என் சிவப்பும் அவள் வெள்ளையும் மோதி என் புருசன் இப்படி நடுவில் கிடக்கிறார் என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

நல்லாயி அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மயிலாத்தா எதிரில் உட்கார்ந்து, கட்டுப்பாட்டை மீறி, உள்ளதைச் சொன்னாள். நான் உங்கள் மகன் சாகட்டும் என்று கேட்டேன் அத்தை, என்னை அடிப்பதானாலும் அடியுங்கள் என்றாள். கிழவி கீரையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"நானுந்தான் புள்ள செவப்புக் கேட்டேன். உன்ற மூஞ்சியப் பார்க்க முடியலை. எனக்கும் வாசலையே பார்த்துப் பார்த்து ஓஞ்சு போச்சு."

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். மயிலாத்தாவுக்கு முதலில் வந்தது கோபம், பெற்ற தாயா இப்படிக் கேட்பாள் என்று. அடுத்த நொடியே அந்தக் கோபத்துக்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று வெட்கமாகிவிட்டது. பிறகுதான் கேள்வி வந்தது. இரண்டு பேரும் சிவப்பென்றால் வெள்ளை யார் கேட்டது?

சென்னியப்பன் கதவு நிலையில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் யார் மேலும் இல்லை.

"நான்தான் கேட்டேன். காச்சல்ல கிடக்கும்போது. ஊட்டுக்குப் போயிச் சேரோணும் தாயேன்னு. வேற ஒண்ணும் கேக்கலை" என்றான்.

பிறகு அவன் வந்து இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, நீங்கள் இரண்டு பேரும் என்ன கேட்கிறீர்களோ சொல்லுங்கள், இந்தத் தடவை நானும் அதையே கேட்கிறேன், சிவப்பென்றாலும் சரி என்றான். தன்னைப் பெற்றவளும் கட்டியவளும் தான் இல்லாமல் போகட்டும் என்று கேட்டதைக் கேட்ட பிறகும் அவன் அதைச் சொன்னான். மயிலாத்தாவுக்கு அப்போது சந்தேகமே வரவில்லை, இது தன் புருசன்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். மூன்று வருசத்து அழுகை அது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, வெள்ளை என்றாள். கிழவியும் வெள்ளை என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் மூன்று பேருமாகப் போனார்கள். பண்டாரம் மணியடித்தார், புகழ்ச்சொல்லை இந்தத் தடவை சொல்லாமல் விட்டுவிட்டார். பொட்டலத்தில் வெள்ளரளி இருந்தது, சும்மா வெள்ளை, காம்பில் ஒரு எறும்போடு. அதன் பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் ஒரு நிறம்தான் வந்தது, அவர்கள் முனகிக்கொண்டே போனார்கள், ஒரு வாரத்தில் ஓடைக்கரையில் கார்கள் இல்லை. ரேஷன் கார்டில் சென்னியப்பன் பேர் இருந்தது, வெறுமனே இருந்தது. பால்காரர் தண்ணீர் கலக்கவே இல்லை என்று பொய் சொன்னார், கேட்கவே நிம்மதியாக இருந்தது. மயிலாத்தா அவன் இருக்கும் வீட்டில் இருந்தாள், அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. பெட்டியில் இறப்புச் சான்று மட்டும் அப்படியே கிடந்தது. தேதி இருந்தது, காரணம் காய்ச்சல் என்று இருந்தது, பேர் எழுதியிருந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவள் அதை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து உள்ளேயே வைத்துவிட்டாள்.

மாரப்பன் போன் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சென்னியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், மயிலாத்தா போனைக் காதில் வைத்துக்கொண்டே பரிமாறிக்கொண்டிருந்தாள். மாரப்பன் குரல் சரியாக இல்லை. நான் கொள்ளி வைத்தது நிஜம் அக்கா, கையில் பட்ட சூடுகூட ஞாபகம் இருக்கிறது, மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது, அண்ணன்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாரே, அப்படியானால் அது யார் என்றான்.  அவனே தொடர்ந்தான். அதே காட்டில் பக்கத்தில் ஓடிய வண்டியில் ஒருத்தன் மூன்று வருசமாகக் காணோமாம். மூன்று வருசமாகக் காணோம் என்பது போன வாரம்தான் எல்லாருக்கும் தெரிய வந்ததாம், போன வாரம் சனிக்கிழமை காலையிலிருந்து. ராசிபுரம் பக்கத்து ஆள். பெண்டாட்டி இருக்கிறாளாம், எங்கே விசாரிப்பது என்று தெரியாமல் வண்டி வண்டியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

"அந்தப் புள்ளைகிட்டச் சொல்லீரட்டுங்களாக்கா? தெரிஞ்சுட்டா அழுதுட்டாவது எந்திரிச்சிரும்."

இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் கிடப்பது என்னவென்று அந்தத் தாலுகாவிலேயே மயிலாத்தாவை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சொல்லிவிடு என்ற வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தப் பெண் அழுவாள். அழுதுவிட்டுச் சும்மா இருப்பாளா, அவள் ஊரிலும் ஒரு தெய்வம் இருக்கும், அந்தத் தெய்வத்துக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. அவள் வெள்ளையைக் கேட்பாள். அவள் ஆள் திரும்பி வந்துவிட்டால் அந்தச் சாம்பல் மறுபடியும் யாருடையதாகும்? தட்டில் ரசம் வேண்டும் என்று சென்னியப்பன் கையைக் காட்டினான்.

"மூஞ்சி ஞாபகமில்லைன்னுதானுங்களே சொன்னீங்க" என்றாள் மயிலாத்தா. "தெரியாததைப் போயி எப்படிச் சொல்றதுங்க?"

அந்தப் பெண்ணின் பேரை மாரப்பன் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள். யார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று எதையும் கேட்கவில்லை. பிறகு அவனுக்கு ரசம் ஊற்றினாள்.